மும்பையில் கடல் பக்கம் வீடு: எங்கே, எவ்வளவு தள்ளி?

டோம்பிவிலியில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடி. அடுத்த வருடம் பணி ஓய்வு. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. உறவும் சினேகிதமும் எல்லாம் இங்கேதான். "கடல் காத்து படுற மாதிரி ஒரு டூ பிஎச்கே வாங்கி மிச்ச காலத்தைக் கழிக்கணும். வெர்சோவா, நெருல் சீவுட்ஸ், வசாய் மூணும் பார்த்துட்டோம். அலிபாக்கில் ஒரு மனையும் சொல்றாங்க. எது சரி? கடலுக்கு நேர் எதிரே என்றால் கூடுதல் விலை கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

நான் செம்பூர்வாசி. கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சரல் ஆடிட், அதாவது உறுதிச் சோதனை, செய்வது தொழில். கொலாபாவிலிருந்து விரார் வரை கடலோரக் கட்டடங்களில் ஏறி இறங்கியே பாதி ஆயுள் போயிருக்கிறது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்கு நேர் எதிரே வேண்டாம். பத்து நிமிடம் நடந்தால் கடலோ காடியோ (உப்பங்கழி) வந்துவிட வேண்டும், ஆனால் வீடு சற்று உள்ளே, சற்று மேட்டில் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் என் ஓட்டு நெருல், சீவுட்ஸ் பக்கத்துக்கு. ஏன் என்று விளக்குகிறேன்.

தூத்துக்குடிக் கடலையும் மும்பைக் கடலையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பலர் வீடு வாங்குகிறார்கள். அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. காலையில் பார்த்த கரைதான் சாயங்காலமும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு மாடி உயரத்தைவிட அதிகம். காலை ஆறரைக்கு பாந்த்ரா கார்ட்டர் ரோட்டில் போய் நின்றால் கறுப்புப் பாறையும் சேறும் தெரியும். அதே இடத்தில் மதியம் அலை சுவரை மோதும். கோலி மீனவர்கள் இந்தப் பெரிய ஏற்றத்தை 'உதாண்' என்பார்கள். மழைக்காலத்தில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாள்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. வீடு பார்க்கும் முன் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்ற இறக்கம்தான் இங்கே எது நல்ல இடம், எது கெட்ட இடம் என்பதை முடிவு செய்கிறது. கடலே கண்ணில் படாத இடத்துக்கும் கடல் வரும். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் மழையில் முழங்கால் தண்ணீர் நிற்பதை நம் ஆட்கள் எத்தனை தலைமுறையாகப் பார்க்கிறோம்! காரணம் எளிது. பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதுவும் வற்ற நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை. கடல் ஏறியிருக்கும்போது கால்வாயின் வாய் தண்ணீருக்குக் கீழே போய்விடுகிறது. மழைநீர் வெளியேற வழியில்லாமல் தெருவில் தேங்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே பிற்பகலில் கடலும் ஏறியது. மித்தி ஆறு மாகிம் காடியில் சேர முடியாமல் குர்லா, காலினா, பாந்த்ரா கிழக்கு என்று ஊருக்குள் திரும்பியது. அன்று மூழ்கியவர்களில் பெரும்பாலோர் கடல் பார்த்த வீட்டுக்காரர்கள் இல்லை. அதற்குப் பிறகு ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ் போன்ற இடங்களில் பெரிய பம்பிங் ஸ்டேஷன்கள் வந்தன. நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனாலும் தாழ்வான இடம் தாழ்வான இடம்தான்.

அப்புறம் காடி. வீடு தேடுகிற யாரும் காடியைக் கேட்பதில்லை, கடலைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. நம் ஊரில் கழி, உப்பங்கழி என்போமே, அதுதான் இங்கே காடி. தானே காடி, மாகிம் காடி, மாலாட் காடி, மனோரி காடி, வசாய் காடி என்று இந்த ஊரைச் சுற்றி உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து வருகிறது. அதன் இரு கரையிலும் அலையாத்திக் காடு. பிச்சாவரத்துக்குக் காசு கொடுத்துப் படகில் போய்ப் பார்க்கும் அதே காடு இங்கே ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறது. மான்குர்டுக்கும் வாஷிக்கும் நடுவில் ஹார்பர் ரயில் பாலத்தில் ஏறியதும் காற்று மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். வற்ற நேரம் என்றால் சேற்று வாடையோடு, ஏற்ற நேரம் என்றால் ஈரத்தோடு.

தானே காடிக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வருகின்றன. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்க்கிற அதே பறவை. ஐரோலி, வாஷி பக்கம் 2015இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள்; 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வற்ற நேரத்தில் சேற்றில் மேய்கிற பூநாரைகள், ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் பறந்துவந்து சீவுட்ஸில் இருக்கும் சதுப்பு நிலங்களில் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். டிபிஎஸ் ஏரி, டிஎஸ் சாணக்கியா, என்ஆர்ஐ காம்ப்ளெக்ஸ் பின்புறம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். பிப்ரவரியில் ஒரு மாலை போய் நில்லுங்கள். அடுக்குமாடிகளின் நிழல் விழுந்த தண்ணீரில் ஒரு ரோஜா நிறப் படுகை விரிந்திருக்கும். திடீரென்று எல்லாம் ஒன்றாகக் கழுத்தை உயர்த்தும். ஜூகு கடற்கரையில் எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் இந்தக் காட்சி கிடையாது.

ஆனால் இது தானாக நிலைத்திருக்காது. டிபிஎஸ் ஏரிக்கு ஓதநீர் வரும் வழி அடைபட்டு, 2024 ஏப்ரலில் அங்கே பூநாரைகள் செத்தன. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் சூழல் ஆர்வலர்களும் விடாமல் குரல் கொடுத்ததால்தான் அந்த நீர்நிலை இன்னும் பேச்சில் இருக்கிறது. நீங்கள் அங்கே குடிபோனால் அந்தக் குரலில் உங்கள் குரலும் சேர வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஏரி போனால் உங்கள் வீட்டின் பாதி அழகும் போய்விடும்.

எல்லாக் காடியும் ஒன்றல்ல. சாக்கடை கலந்து ஓட்டம் குறைந்த காடியிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை. வீடு பார்க்கப் போகும் அரைமணி நேரத்தில் காற்று வேறு பக்கம் அடித்தால் வாடை தெரியாமலே போகலாம். அதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு வீட்டுப் பூஜை அறையைப் பாருங்கள். மாகிம் காடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மாமி வெள்ளிக்கிழமை சபீனா போட்டுத் தேய்த்து வைத்த வெள்ளிக் காமாட்சி விளக்கு, அடுத்த புதன்கிழமை நான் போனபோது ஈயம்போல் மங்கி, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. "நாங்க தேய்க்காத நாளே இல்லை" என்றார். விளக்கைக் கறுக்கவைக்கும் அதே வாயு ஏசியின் செம்புக் குழாயையும் அரிக்கும். அந்தக் கட்டடத்தில் மூன்று வீட்டில் ஏசி வாயு அடிக்கடி கசிவதாகச் சொன்னார்கள். வெள்ளி விளக்கு ஒரு மாதம் பளிச்சென்று இருக்கிற வீடு என்றால் காற்று நல்ல காற்று.

இப்போது கடலுக்கு எதிரே உள்ள வீட்டின் கதை. மேற்குப் புறநகரில் அலைக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு கட்டடம், தொண்ணூறுகளில் கட்டியது. நான்காவது மாடி பால்கனியின் பீம் அடியில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல கான்கிரீட் 'ணங்' என்று சொல்லும். ஓரிடத்தில் 'டொப்' என்றது. இன்னொரு தட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே கம்பி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியில் நடுவில் பென்சில் கனம்தான் மிச்சம். வீட்டுக்காரம்மா பதறிப்போய், "போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சோம்" என்றார். பெயின்ட் வெளியே. உப்பு உள்ளே.

கடற்காற்று உப்பைத் துகளாகச் சுமந்து வருகிறது. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கி, ஒரு நாள் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். முன்பு இருந்ததைப்போல் சில மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். விரிசல் வழியே இன்னும் உப்பு, இன்னும் ஈரம். அதனால்தான் இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, கடல் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் இருக்க வேண்டும், கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்35 ஆக இருக்க வேண்டும் என்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் சாதாரண வீட்டுக்குள் 20 மில்லிமீட்டரே போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கட்டடங்களில் நான் பிளந்து பார்த்தவற்றில் பலவற்றில் அந்த மூடல் இல்லை. போதாக்குறைக்கு, காடி மணலைச் சரியாகக் கழுவாமலே கலந்து கட்டியவையும் உண்டு. உப்பு வெளியிலிருந்து வரவே வேண்டாம், பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது.

அதே தெருவில் அரை கிலோமீட்டர் உள்ளே, அதே காலத்தில் கட்டிய இன்னொரு கட்டடத்தையும் நான்தான் பார்த்தேன். சின்னச் சின்னப் பழுது, அவ்வளவுதான். காற்றில் வரும் உப்பின் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே, முன்வரிசைக் கட்டடங்கள்மேலும் மரங்கள்மேலும் படிந்துவிடுகிறது. பின்வரிசைக்காரர்களுக்குக் காற்று மட்டும் வருகிறது. என் பதிலின் சாரமே இந்த அரை கிலோமீட்டர்தான். கடல் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. முன்வரிசையில் பல லட்சம் கூடக் கொடுத்தவரும், பின்தெருவிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வருபவரும் ஒரே மணலில்தான் உட்காருகிறார்கள்.

இன்னொன்று. தூத்துக்குடியில் கடல் கிழக்கே. காலை வெயில் இதமாக வரும். இங்கே கடல் மேற்கே. கடல் பார்த்த ஹால் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இரண்டு மணியிலிருந்து அஸ்தமனம் வரை சுவர் கொதிக்கும். ஜூனில் தென்மேற்குக் காற்று மழையை நேராக ஜன்னலில் அறையும். நான்கு மாதம் கண்ணாடியைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும். இடுக்கில் துணி சுருட்டி வைத்தும் தண்ணீர் இறங்குகிற வீடுகள் நிறைய. அந்தக் காட்சியும் சாசுவதம் இல்லை. கோஸ்டல் ரோடு 2024இல் திறந்தது. பிரீச் கேண்டியிலும் ஒர்லியிலும் அலை மோதிய இடத்தில் இப்போது சாலையும் நிரப்பிய நிலமும் இருக்கின்றன. வெர்சோவாவுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே கடல்மேல் இன்னொரு பாலம் கட்டுமானத்தில் இருக்கிறது. இன்றைய பால்கனிக் காட்சிக்கு விலை கொடுக்கும்போது இதையும் யோசியுங்கள்.

சரி, உங்கள் இடங்களுக்கு வருகிறேன்.

வெர்சோவா எனக்குப் பிடித்த கரை. 2015இல் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் வாரக் கடைசிகளில் குப்பை அள்ளத் தொடங்கி, ஊரே சேர்ந்துகொண்டது. 2018இல் பல வருடங்களுக்குப் பிறகு அங்கே பங்குனி ஆமைக் குஞ்சுகள் மணலிலிருந்து கடலுக்குப் போயின. மழைக்காலத்தில் கடல் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும் என்பதும் உண்மை. அந்த மாதங்களில் கரையில் நீலநிறத்தில் பலூன்போல் கிடக்கும் சொறிமுட்டையைப் பேரக்குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெர்சோவா கோலிவாடாவில், அதாவது கோலி மீனவர் குடியிருப்பில், மூங்கில் பந்தல்களில் பொம்பில் மீன் காயும். உங்களுக்கு அந்த வாடை பழகியதாகத்தான் இருக்கும். புதிதாக வருகிற சிலர் அதைப் புகாராக எழுதுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. கோலி மக்கள் அங்கே நமக்கெல்லாம் முன்பிருந்தே இருப்பவர்கள். அந்த வாடை ஆகாது என்றால் அந்த இடம் உங்களுக்கு இல்லை. வெர்சோவாதான் வேண்டும் என்றால், மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், ஏழு பங்களா, நாலு பங்களா பஸ்ஸ்டாப்புகள் பக்கம் உள்ளே பாருங்கள். விலை மட்டும் டோம்பிவிலி வீட்டை விற்ற காசில் அடங்குமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

வசாய் மேற்கு அழகு. கிணறு, வாழை, வெற்றிலைத் தோட்டம், பழைய சர்ச்சுகள், கோட்டை, அதைத் தாண்டினால் சுருச்சி, புயிகாவ் என்று சவுக்கு மரங்களோடு கடற்கரை. நம் ஊர் மாதிரியே இருக்கிறது என்று உங்கள் மனைவி சொன்னதில் தவறே இல்லை. ஆனால் 2018 ஜூலை மழையில் வசாய், நாலாசோபாரா பக்கம் ரயிலே ஓடவில்லை. நாள்கணக்கில் குடியிருப்புகளில் தண்ணீர் நின்றது. நாலாசோபாரா கிழக்கில் அனுமதியில்லாமல் கட்டிய 41 கட்டடங்கள் 2025 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் இடிக்கப்பட்டன. அவற்றில் காசு போட்டவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். அங்கே வாங்குவதென்றால் ஓசி (குடியேறலாம் என்ற அனுமதிச் சான்று) இல்லாத கட்டடத்தின் படியில்கூட ஏறாதீர்கள்.

அலிபாக் மனை ஓய்வுக்கால முதல் வீட்டுக்கு வேண்டாம். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் சாதாரணப் படகுகள் மழைக்காலத்தில் நின்றுவிடும். விவசாய நிலமென்றால் மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் வாங்க முடியாது. என்ஏ ஆக்கிய, அதாவது விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றிய நிலமா என்று சாத்பாரா உதாரா என்கிற நிலப் பதிவேட்டு நகலில் பார்க்க வேண்டும். அறுபது வயதில் இந்த அலைச்சல் எதற்கு?

நெருல், சீவுட்ஸில், நவிமும்பையை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ திட்டமிட்ட தெருக்கள். அகலமான நடைபாதை, ஹார்பர் லைன், ஆஸ்பத்திரிகள், செம்பூர் செட்டா நகர் முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம். ஜூவல் ஆஃப் நவிமும்பை என்கிற நீர்நிலையைச் சுற்றி நடக்கலாம். அந்த நீர்நிலை அழகுக்காக மட்டும் அங்கே இல்லை. நவிமும்பையின் பல பகுதிகள் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அதனால் ஹாலந்துக்காரர்கள் முறையைப் பார்த்து சிட்கோ இப்படிப்பட்ட தேக்கக் குளங்களை வெட்டியது. மழைநீர் முதலில் குளத்துக்கு வரும். கடல் ஏறும்போது மதகுக் கதவு தானாக மூடிக்கொள்ளும். வற்றும்போது திறந்து தண்ணீரை வெளியே விடும். அருமையான ஏற்பாடு. ஆனால் பல குளங்களில் வண்டல் சேர்ந்து அலையாத்தி முளைத்துவிட்டது. அதை வெட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும், வெட்டாமல் விட்டால் குளத்தின் கொள்ளளவு குறைகிறது. எனவே சீவுட்ஸ் என்று பெயர் இருந்தால் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். பாம்பீச் ரோட்டுக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கு அருகே மேடாகப் போகும் செக்டர்களில் பாருங்கள். சிட்கோ நிலம் குத்தகை நிலம் என்பதால் பெயர் மாற்றும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளை ஆடி மாதத்துப் பௌர்ணமி அல்லது அமாவாசைக்கு மறுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் மும்பையில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். புரோக்கர் "மழையில் எதுக்கு சார், டிசம்பரில் வாங்க" என்பார். நீங்கள் மழையிலேயே போங்கள். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கின் தூண்களில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கறை இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் ஏறுமா என்று வாட்ச்மேனிடம் தனியாகக் கேளுங்கள். அவர்தான் ராத்திரி அங்கே இருந்தவர்.

காகிதங்களில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், மற்றவற்றை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒன்று, சிஆர்இசட் என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. 2019 அறிவிக்கைப்படி கடலோரத்தில் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையும், காடி ஓரத்தில் 50 மீட்டர் அல்லது காடியின் அகலம் இதில் எது குறைவோ அதுவரையும் கட்டுப்பாடு உண்டு. பெரிய அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் தனி இடைவெளி. பம்பாய் உயர்நீதிமன்றம் 2018 தீர்ப்பில் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு கொச்சி மரடு போதும். 2020 ஜனவரியில், காயல் ஓரத்து நான்கு குடியிருப்பு வளாகங்கள் குடியிருந்தவர்கள் கண்முன்னே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. புதுக் கட்டடமென்றால் மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் இணையதளத்தில் பில்டர் ஏற்றிய அனுமதிகளில் சிஆர்இசட் கடிதம் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டு, பழைய கட்டடமென்றால் சொசைட்டியின் கடைசி ஸ்ட்ரக்சரல் ஆடிட் அறிக்கை. பதினைந்து வயது தாண்டிய கட்டடத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, முப்பது தாண்டினால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை அது நடந்திருக்க வேண்டும். அறிக்கையோடு கடைசி மூன்று பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எந்த பீம், எந்தப் பால்கனி, பழுதுபார்ப்புக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூல், யார் கொடுக்க மறுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தர மறுக்கிற சொசைட்டி என்றால் டோக்கன் கொடுக்க வேண்டாம், அடுத்த வீட்டைப் பாருங்கள்.